ஒட்டு: குறில்

பிரெஞ்சில் ஒரு சொல்: க்ரெஃப்.
பெண்பாலில் சொன்னால்
தோலை எடுத்துத் தோலில் வைப்பது,
ஆப்பிள் கொப்பைச் சீவி வேறொரு மரத்தில் செருகுவது.
ஆண்பாலில் சொன்னால்
நீதிமன்றத்தில் கோப்புகள் உறங்கும் அறை.
முன்னால் நிற்கும் ஓரசைதான் மாறுகிறது.
நமக்கு ஒரு சுழி மாறுவது போல:
ஒட்டு என்றால் சேர்.
கீழே சுழித்துவிட்டால் ஓட்டு, துரத்து.

சொலென் பதினாறு வருடம்
ஆண்பாலில் வேலை பார்த்தாள்,
கெம்பேர் நகரத்து நீதிமன்றத்தில்.
முத்திரை, தேதி, சுருக்கொப்பம்.
அவளுடைய மணவிலக்கும் அதே அறையில்தான்.
பக்கத்து மேசைக்காரி பதிந்தாள்,
தலை நிமிராமல், நாகரிகமாக.

நவம்பரில் எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்தது.
வலக்கை, முழங்கையிலிருந்து விரல்கணு வரை.
ஹெலிகாப்டரில் நாந்த் நகருக்குக் கொண்டுபோய்ப்
பெண்பாலுக்கு மாற்றினார்கள்.

அவன் பெயர் தாங்கி.
பிரெத்தோன் பெயர்; தமிழில் பொருள் தேட வேண்டாம்,
நானும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.
கில்வினெக் துறைமுகத்தில் வலை பழுதுபார்ப்பவன்.
மூன்று மணிநேரம் வண்டி ஓட்டி (இங்கே நெடில்)
வந்த கையோடு
டாக்டர் லெ ஃப்ளோக்கிடம் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினான்:
"என்னுடையதை எடுங்கள். நிறைய இருக்கிறது."

அவர் சிரிக்கவில்லை.
அடுத்தவர் தோல் கொஞ்ச நாள் மூடிக் கிடக்கும், அவ்வளவுதான் என்றார்.
உடம்பு ஒருநாள் கணக்குப் பார்க்கும்,
இது யார் என்று கேட்கும்,
பிறகு உரித்துப் போடும்.
நிலைக்க வேண்டுமென்றால் அவளுடையதே வேண்டும்.
"எத்தனை நாள் தாங்கும்?"
"மூன்று வாரம். சிலருக்கு நான்கு."
"எங்களுக்குப் பதினொன்று," என்றான்.
"வருடம்."

தொடையிலிருந்து சீவினார்கள், காகிதக் கனத்தில்.
எந்திரத்தில் விட்டு உருட்டிக்
கண்ணி கண்ணியாய்க் கீறினார்கள்,
சின்னது இழுபட்டுப் பெரியதை மூட.
வைத்த இடம் ஊமை.
எடுத்த இடம்தான் இரவெல்லாம் பேசியது.

அகராதி இரண்டு பாலுக்கும் ஒரே வேரைக் காட்டுகிறது:
எழுத்தாணி.
குமாஸ்தா பிடித்தது,
அதே கூரில் சீவிய கொப்பு.
ஆக, ஒட்டுவதும் ஒருவகை எழுத்துத்தான்.
அழித்தெழுத முடியாத பட்டையில்.

ஐந்தாம் நாள் கட்டுப் பிரித்தார்கள்.
எல்லோரும் தோலைப் பார்த்தார்கள்.
தாங்கி ஓட்டையைப் பார்த்தான்.
"மத்திக் கண்ணி," என்றான்.
"முடிச்சே இல்லாமல் போட்டிருக்கிறார்களே."
டாக்டர் ஓரத்தில் விரலை அழுத்தி எடுத்தார்.
வெளுத்தது. பொறுத்துச் சிவந்தது.
பிடித்துவிட்டது, என்றார்.

அங்கேயும் இதே வினைதான் சொல்கிறார்கள்.
நம்மிடம் அது இன்னும் மோசம்:
தீ பிடிக்கும், பேய் பிடிக்கும்,
நட்டது வேர் பிடிக்கும்,
ஒருத்திக்கு ஒருவனைப் பிடிக்கும்.
எதிலும் எழுவாய் நாமில்லை.

செவிலி ஒரு படிவம் கொண்டுவந்தாள்.
சொலெனின் கை சட்டத்தில் கிடந்தது;
அவள் சொல்ல அவன் எழுதினான்.
பதினாறு வருடம் பிறர் தாள்களைச் சரிபார்த்தவள்,
ஓர் எழுத்துப்பிழையையும் விடவில்லை.
"நோயாளிக்கு என்ன உறவு?"
அந்தக் கட்டத்தில் பேனா நின்றது.
ஜன்னலுக்கு வெளியே ட்ராம் ஒன்று போனது,
இன்னொன்று போனது.
கடைசியில் எழுதினான்:
வலை பழுதுபார்ப்பவர்.

எட்டிப் படித்தவள் சிரித்துவிட்டாள்.
தொடை இழுத்தது. முகம் சுளித்து
மறுபடியும் சிரித்தாள்.
"தேதி போடு," என்றாள்.
"தேதி இல்லாவிட்டால் செல்லாது."